எழுதிய பின் விதியை மாற்றலாமா?

கடத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



பிட்காயின், எதீரியம் போன்ற கிரிப்டோ நாணயங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், விலை ஏறுமா இறங்குமா என்ற கேள்வியோடு அது நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விக்குள் நான் இன்று போகப்போவதில்லை. அந்த நாணயங்களை நம்புகிறவர்களுக்குள் கடந்த பத்தாண்டுகளில் நடந்த விதிச் சண்டைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கணினியில் தமிழ் எழுத்தை எப்படிப் பதிவது என்று நமக்குள் கால் நூற்றாண்டாக நடந்த சண்டையையும் அதன் பக்கத்தில் வைக்கப்போகிறேன். ஒன்று பணத்தைப் பற்றியது, மற்றது மொழியைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த முடிவு இது: பொதுவான ஒரு விதியை நம்பிப் பலர் தங்கள் உடைமையை அதில் பதிந்துவிட்ட பிறகு, அந்த விதியை மாற்ற மறுப்பது பெரும்பாலும் நியாயமான பிடிவாதம். ஆகவே விதி எழுதப்படும்போது அந்த இடத்தில் இல்லாமல் போவதுதான் ஒரு சமூகத்துக்கு நேரக்கூடிய பெரிய இழப்பு.

விதி என்று எதைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். இருபது பேர் சேர்ந்து ஏலச்சீட்டுப் போடுகிறார்கள். மாதம் எவ்வளவு கட்டுவது, கழிவை எப்படிப் பிரிப்பது, தவணை தவறினால் என்ன செய்வது என்பதெல்லாம் முதல் மாதமே பேசி முடிவாகிவிடும். எட்டாவது மாதத்தில் ஒருவர் எழுந்து கழிவுக் கணக்கை மாற்றுவோம் என்றால், யோசனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சீட்டை ஏற்கெனவே எடுத்தவருக்கும் இன்னும் எடுக்காதவருக்கும் அது ஒரே மாதிரி விழாது. பிட்காயினும் அப்படிப்பட்ட ஒரு கணக்கேடுதான். ஆனால் அதில் சீட்டுப் பிடிப்பவர் என்று ஒருவர் கிடையாது. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று ஒரு கட்டுரை வெளியானது. 2009 ஜனவரி 3 அன்று ஏட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டது. அந்த ஏட்டின் முழுப் படியை உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் வைத்திருக்கின்றன. புதிய பக்கத்தை எழுதும் போட்டியில் ஈடுபடுகிறவர்கள் மைனர்கள். அந்தப் பக்கம் விதிப்படி இருக்கிறதா என்று ஒவ்வொரு கணினியும் தனித்தனியே சரிபார்க்கும். விதி மீறியிருந்தால் தள்ளிவிடும். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் வரக்கூடாது என்பது அதிலுள்ள விதிகளில் ஒன்று. இதை எந்த அரசும் காக்கவில்லை, எந்த வங்கியும் காக்கவில்லை. விதி மாறாது என்ற நம்பிக்கையைத் தவிர அந்த நாணயத்துக்கு வேறு முதல் கிடையாது.

2010இல், ஒரு பக்கத்தின் அளவு 1 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு அதில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம்தான் எழுதப்படும் என்பதால், நொடிக்கு ஏழு பரிமாற்றங்களுக்கு மேல் அந்த ஏடு தாங்காது. பயன்படுத்துவோர் பெருகியதும் நெருக்கடி வந்தது. வரம்பை உயர்த்தினால் சாதாரண மக்கள் டீ குடிக்கவும் இந்த நாணயத்தைக் கொடுக்கலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. உயர்த்தினால் ஏடு பெருத்து, வீட்டுக் கணினியில் அதன் படியை வைத்துச் சரிபார்க்க முடியாமல் போகும், பெரிய நிறுவனங்கள் மட்டுமே காவலர்களாக மிஞ்சும் என்று மறு தரப்பு சொன்னது. இரண்டுமே உண்மையான கவலைகள். 2015இல் பிட்காயின் நிரலாளர்களான கேவின் ஆண்ட்ரெசனும் மைக் ஹெர்னும் வரம்பை 8 மெகாபைட்டாக்கும் மாற்று மென்பொருளை முன்வைத்தார்கள். அது எடுபடவில்லை. 2016 ஜனவரியில், இந்தச் சோதனை தோற்றுவிட்டது என்று அறிவித்துவிட்டு ஹெர்ன் விலகினார். 2017 மே மாதம் நியூயார்க்கில் 50க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வரம்பை உயர்த்த ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மைனர்களின் மொத்தக் கணிப்புத் திறனில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அவர்கள் பக்கம் இருந்தது. பணம், இயந்திரம், வணிகம் மூன்றும் ஒரே பக்கம் நின்றும் அந்த மாற்றம் நடக்கவில்லை. தங்கள் கணினியில் ஏட்டை வைத்திருந்த சாதாரணப் பயனர்கள், ஆகஸ்ட் 1 என்று தேதி குறித்து, தாங்கள் ஏற்ற திருத்தத்தைப் பின்பற்றாத பக்கங்களைத் தள்ளுவோம் என்று அறிவித்தார்கள். பெரிய பக்கம் வேண்டியவர்கள் அதே நாளில் பிரிந்து பிட்காயின் கேஷ் என்ற தனி நாணயத்தைத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 24 அன்று, பயனர்கள் ஏற்ற செக்விட் என்ற அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் உடன்பாட்டில் மிச்சமிருந்த அளவு உயர்வு, போதிய ஒற்றுமை இல்லை என்ற காரணத்தால் நவம்பர் 8 அன்று கைவிடப்பட்டது.

பேராசைக்காரர்களின் சண்டை என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆசை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆசை மட்டுமே தீர்மானித்திருந்தால் அதிக முதலீடு செய்தவர்கள் வென்றிருக்க வேண்டும். அவர்கள் தோற்றார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். எழுதுகிறவர் எவ்வளவு வலியவராக இருந்தாலும், அதை ஏற்றுப் படிப்பதற்கு மற்றவர்கள் மறுத்துவிட்டால் அவர் எழுதியது செல்லாது.

எதீரியத்தின் கதை இன்னும் ஆழமானது. அங்கே விதி மாற்றப்பட்டது. 2016இல் ‘தி டிஏஓ’ என்ற கூட்டு முதலீட்டு நிரல் ஒன்றில் பல்லாயிரம் பேர் எதீரியத்தின் நாணயமான ஈத்தரைப் போட்டிருந்தார்கள். ஜூன் 17 அன்று, நிரலில் இருந்த ஓட்டை வழியாக ஒருவர் ஏறத்தாழ 36 லட்சம் ஈத்தரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றைய மதிப்பில் அது சுமார் 5 கோடி டாலர். அதை உடனே வெளியே எடுக்க முடியாதபடி சில வாரக் காத்திருப்பு நிரலிலேயே இருந்ததால், யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. ஏட்டைத் திருத்தி, பணத்தைப் போட்டவர்களிடம் திருப்பிக் கொடுக்கலாமா? நிரலில் எழுதியதே சட்டம் என்று சொல்லித்தானே எல்லாரையும் அழைத்தோம் என்று ஒரு பகுதியினர் கேட்டார்கள். கண்முன் திருட்டு நடக்கும்போது விதியைக் காட்டிக் கைகட்டி நிற்பதா என்று மற்றவர்கள் கேட்டார்கள். நாணயம் வைத்திருப்பவர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. மொத்த ஈத்தரில் மிகச் சிறு பங்கே வாக்களித்தது. அதில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருத்தத்துக்கு ஆதரவாக விழுந்தது. ஜூலை 20 அன்று ஏடு திருத்தப்பட்டது. ஏற்காதவர்கள் திருத்தாத ஏட்டையே தொடர்ந்து எழுதினார்கள். எதீரியம் கிளாசிக் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். 2017 நவம்பரில் பாரிட்டி என்ற பணப்பை மென்பொருளில் நேர்ந்த பிழையால் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈத்தர் யாராலும் தொட முடியாதபடி உறைந்துபோனது. இங்கே திருடனும் இல்லை, உரிமையாளர்கள் யார் என்பதிலும் சிக்கல் இல்லை. 2016ஐ விட இது எளிய வழக்கு. விடுவிக்கக் கோரும் முன்மொழிவு 2018 ஏப்ரலில் வந்தது. அதே சமூகம், இரண்டே ஆண்டு இடைவெளியில், மாட்டோம் என்றது. வாக்கெடுப்பில் எதிர்ப்பே அதிகம் விழுந்தது. அந்த ஈத்தர் விடுவிக்கப்படவில்லை. ஒரு முறை விலக்கு அளித்தவர்கள், அதன் விலை என்ன என்பதைக் கண்டுகொண்டார்கள். ஒருவருக்காகத் திருத்தினால் அடுத்தவர் வந்து வாசலில் நிற்பார். யாருடைய இழப்பு திருத்தத்தக்கது என்று தீர்ப்புச் சொல்லும் ஒரு பீடம் உருவாகிவிடும். எந்தப் பீடமும் இல்லாத ஏடு வேண்டும் என்றுதானே அங்கே வந்தார்கள்?

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 1990களில் கணினியில் தமிழ் தட்டச்சு செய்தவர்கள் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு விதியோடு வாழ்ந்தார்கள். பாமினியில் அடித்ததை வானவில்லில் திறந்தால் படிக்க முடியாது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. நா. கோவிந்தசாமி போன்ற முன்னோடிகள் அங்கே உழைத்தார்கள். அயலகத் தமிழர்களின் முயற்சியில் டிஸ்கி என்ற குறியேற்றம் உருவானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூடி, அதைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. டிஸ்கியா, டாப்பா என்று மின்னஞ்சல் குழுக்களில் நடந்த வாதங்களின் சூடு, பிட்காயின்காரர்களின் சண்டைக்குக் குறைந்ததல்ல. பணம் சம்பந்தப்படாத அந்தச் சண்டையில் உறக்கத்தையும் நட்பையும் இழந்தவர்கள் மொழிப்பற்றால் மட்டுமே இழந்தார்கள். ஆனால் நாம் இப்படி உள்ளே மோதிக்கொண்டிருந்தபோது, உண்மையான விதி ஏற்கெனவே வேறோர் இடத்தில் எழுதப்பட்டுவிட்டிருந்தது.

1991இல், உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியேற்றமான யூனிக்கோடின் முதல் பதிப்பு வந்தது. இந்திய எழுத்துகளுக்கு அது இந்திய அரசின் இஸ்கி தரத்தை, அதிலும் 1988ஆம் ஆண்டு வடிவத்தை, அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வோர் இந்திய எழுத்து முறைக்கும் ஒரே அளவில் 128 இடங்கள், ஒரே வரிசை. தேவநாகரியின் க வருக்கத்துக்கு ஏற்றபடி தமிழில் வெற்றிடங்கள் விடப்பட்டன. நம் 247 எழுத்துகளில் உயிரும், ஆய்தமும், அகரமேறிய உயிர்மெய்யும் மட்டும் தனி இடம் பெற்றன. ‘கி’ என்பதற்கு இரண்டு குறிகள். ‘க்’ என்பதற்கும் இரண்டு. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது என்பது நம் இலக்கணம். இங்கே உயிர்மெய்யின் மேல் புள்ளி வைத்து மெய்யைப் பிறப்பிக்கிறார்கள். ழ, ள, ற, ன முதலியவை நம் நெடுங்கணக்கின் வரிசையில் அமையாததால், அகரவரிசைப்படுத்தத் தனி அட்டவணை வேண்டியிருக்கிறது. இந்தக் குறைகள் கற்பனையானவை அல்ல. இவற்றைக் களைய, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறி என்ற டேஸ்16 முறை நம்மவர்களால் வகுக்கப்பட்டது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய 2010 ஜூன் 23 அன்று வெளியான அரசாணை, யூனிக்கோடைத் தரமாகவும், அது இயங்காத இடங்களில் டேஸ்16ஐ மாற்றாகவும் ஏற்றது. ஆனால் யூனிக்கோடு அட்டவணையில் எவரும் தம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள விட்டுவைத்த தனிப்பயன் பகுதிக்கு வெளியே டேஸ்16க்கு இன்றுவரை இடம் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? தமிழ் மீது அவர்களுக்கு வெறுப்பு என்று சிலர் சொன்னார்கள். விடை கொரிய மொழியில் இருக்கிறது. யூனிக்கோடின் 1993ஆம் ஆண்டுப் பதிப்பில் கொரிய மொழியின் 6,656 அசையெழுத்துகளுக்கு இடம் தரப்பட்டிருந்தது. போதவில்லை என்று கொரியர்கள் கேட்டார்கள். 1996இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவற்றைப் பழைய இடத்திலிருந்து முற்றிலுமாக எடுத்து, 11,172 அசைகளாகப் புதிய இடத்தில் அடுக்கினார்கள். பழைய குறியில் எழுதிய ஆவணங்கள் புதிய முறையில் வேறு எழுத்தாகத் தெரியும் நிலை வந்தது. அதைப் பார்த்த பிறகு, ஒரு முறை குறியேற்றிய எழுத்தை இனி நகர்த்தவும் மாட்டோம், நீக்கவும் மாட்டோம் என்று யூனிக்கோடு உறுதி எடுத்துக்கொண்டது. எதீரியத்துக்கு டிஏஓ எப்படியோ, அப்படியே யூனிக்கோடுக்குக் கொரிய எழுத்து. விலக்கு அளித்துப் பார்த்த பிறகு பிறந்த உறுதி என்பதால் அது இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது. நாம் 2010இல் போய்க் கதவைத் தட்டியபோது, அந்த உறுதிக்குப் பதினான்கு வயதாகியிருந்தது.

அதே 2010இல் நடந்த இன்னொரு வழக்கு இந்த வாதத்தை மறுபக்கத்திலிருந்து மெய்ப்பிக்கிறது. தமிழ்ப் பகுதியில் 26 எழுத்துகளைக் கூடுதலாகச் சேர்க்க ஒரு முன்மொழிவும், கிரந்த எழுத்துக்குத் தனி இடம் கேட்டு மற்றொரு முன்மொழிவும் யூனிக்கோடு முன் வந்தன. கிரந்த முன்மொழிவுக்குள் ழ, ற, ன ஆகியவையும் எகர ஒகரக் குறில் குறிகளும் வைக்கப்பட்டிருந்தன. தமிழறிஞர்கள் கொதித்தார்கள். 2010 நவம்பரில் தமிழக அரசு தலையிட்டு, முடிவைத் தள்ளிவைக்கும்படி நடுவண் அரசைக் கேட்டது. முடிவு தள்ளிப்போனது. 2014இல் வந்த ஏழாம் பதிப்பில் கிரந்தத்துக்கு இடம் கிடைத்தது, ஆனால் அந்த ஐந்தும் அதில் இல்லை. இதைத் தமிழர் வெற்றி என்று கொண்டாடினோம். டேஸ்16க்கு இல்லாத எந்த வலு இந்த எதிர்ப்புக்கு இருந்தது? அதே அரசு, அதே மக்கள், அதே உணர்ச்சி. வேறுபாடு காலம் ஒன்றுதான். ஒன்று குறியேறுவதற்கு முன் எழுந்த குரல், மற்றது குறியேறிய பின் எழுந்த குரல்.

முதலில் வந்தவன் எழுதியதே என்றென்றும் சட்டம் என்றால் பின்னால் வருகிறவனுக்கு நியாயம் எங்கே என்று இளைஞர்கள் கேட்பீர்கள். இது வலுவான ஆட்சேபம். கடத்தூரில் வளரும் ஒரு பெண்ணுக்கு 1991இல் நாற்காலி போடப்படவில்லை, அவள் பிறக்கவேயில்லை. என் விடை, மாற்றம் கூடாது என்பதன்று. இருப்பதைக் கலைக்காமல் சேர்க்கும் மாற்றத்துக்குக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. தமிழ்ச் சுழியத்துக்கு 2005இல் இடம் கிடைத்தது. மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளுக்கு 2019இல் தனிப் பகுதியே கிடைத்தது. பிட்காயினில் செக்விட் வென்றதற்கும் இதுவே காரணம்: பழைய மென்பொருள் வைத்திருந்தவரையும் அது வெளியே தள்ளவில்லை. இதற்கு நம் மண்ணிலேயே பெரிய சான்று பெரியார். 1935இல் ‘குடி அரசு’ இதழில் ணா, றா, னா, ணை, லை போன்ற எழுத்துகளைப் புதிய வடிவில் அச்சிடத் தொடங்கினார். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, பழைய எழுத்து படித்தவரும் அதைப் படிக்க முடிந்தது. 43 ஆண்டுகள் ஒரு சிறுபான்மையின் வழக்கமாக இருந்து, 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசின் ஆணையால் அது பொது விதியானது. அப்போதும் அவருடைய சீர்திருத்தம் முழுமையாக ஏற்கப்படவில்லை; ஐகார ஔகாரங்கள் நின்றுவிட்டன. உகர ஊகார வரிசையையும் மாற்ற வேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி நெடுங்காலம் வாதாடினார். இருக்கும் நூல்களை அடுத்த தலைமுறை படிக்க முடியாது என்ற அச்சம் அதைத் தடுத்தது. அந்த அச்சம் சரியானது என்பதே என் கருத்து.

இன்னொரு ஆட்சேபம்: திருட்டுப் போன பணத்தை மீட்க மறுக்கும் விதி அறமாகுமா? ஏட்டைத் திருத்துவதுதான் ஒரே பரிகாரம் என்று நினைத்தால் இந்தக் கேள்விக்கு விடையில்லை. பரிகாரம் ஏட்டுக்கு வெளியே இருக்கிறது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் உடைமையே என்றும், ஒருவர் பொறுப்பில் மற்றவர் ஒப்படைத்து வைக்கத்தக்கது என்றும் தீர்ப்பளித்தது. ஏட்டில் ஒரு வரியும் மாறவில்லை. உரியவருக்கு உரிமை கேட்க வழி கிடைத்தது. மனிதருக்குச் செய்ய வேண்டிய நீதியை மனிதர் அமர்ந்த மன்றம் செய்யட்டும். பதிவு பதிவாகவே இருக்கட்டும். 2016இல் இழந்தவர்களின் துயரத்தைச் சிறிதாக எண்ணி இதைச் சொல்லவில்லை. அன்றைய முடிவில் கருணை இருந்தது. ஆனால் அந்தக் கருணையைத் தொடர முடியாது என்று அதைச் செய்தவர்களே இரண்டு ஆண்டில் உணர்ந்தார்கள்.

நாணயச் சண்டையில் இருக்கும் ஒரு வசதி மொழிச் சண்டையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே ஒத்துவராதவர் பிரிந்து போகலாம். பிரிந்த நாளில் இரண்டு ஏட்டிலும் அவர் கணக்கு இருக்கும். எழுத்தில் பிரிந்தால் படிப்பதற்கு ஆள் இல்லாமல் போகும். இந்தத் தருமபுரி மாவட்டத்தைப் போல அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய இடம் குறைவு. ஆநிரை மீட்டு வீழ்ந்த வீரர்களின் நடுகற்கள் இங்கே ஏராளம். தருமபுரி அகழ்வைப்பகத்திலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பல்லவர் காலத்துக் கற்களில் பல வட்டெழுத்தில் உள்ளவை. கல் தேயவில்லை, மொழியும் தமிழ்தான். ஆனால் அந்த எழுத்து வழக்கிலிருந்து போய்விட்டதால், கல்வெட்டு அறிஞர் வாசித்துச் சொன்னால்தான் அந்த வீரனின் பெயர் அவன் ஊர்க்காரருக்கே தெரிகிறது. வானவில்லிலும் பாமினியிலும் நாம் அடித்துவைத்த பழைய கோப்புகளும் அந்த நிலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை யூனிக்கோடுக்கு மாற்றி வைக்கும் பணியை டிடிபி கடைகளும் பதிப்பகங்களும் அலுவலகங்களும் இன்னும் தள்ளிப்போடக்கூடாது.

இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் விதிகள் எவை? ரிசர்வ் வங்கியின் எண்ம ரூபாய் 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களிடம் சோதனையில் இருக்கிறது. அதில் சீட்டுப் பிடிப்பவர் ஒருவரே என்பதால், அவரிடம் கேட்க வேண்டியதைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்: நம் செலவுக் கணக்கை யார் பார்க்கலாம், இணையம் இல்லாத மலையூரில் அது எப்படி இயங்கும்? செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மொழியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கின்றன. தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களைவிட அதிகத் துண்டுகளாக வெட்டுப்படுகின்றன; துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இடங்களில் அது நேராக நம் செலவாகிறது. இந்த வெட்டு முறை இன்னும் கெட்டிப்படவில்லை. பத்தாண்டு கழித்து இதன் மேல் எல்லாரும் கட்டடம் எழுப்பிவிட்ட பிறகு நாம் மாநாடு கூட்டித் தீர்மானம் போட்டால், டேஸ்16க்குக் கிடைத்த பதிலே கிடைக்கும்.

யூனிக்கோடு முன்மொழிவுகளும், பிட்காயின், எதீரியம் திருத்த வரைவுகளும் எவரும் படிக்கும்படி வெளியாகின்றன. யாரும் கருத்து எழுதலாம். பட்டம் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: கணினி படிக்கும் மாணவர்களையும் தமிழ் படிக்கும் மாணவர்களையும் சேர்த்து உட்கார வையுங்கள். தமிழைத் தொடும் வரைவு ஒன்றையாவது ஆண்டுதோறும் எடுத்து, முழுதும் படித்து, முடிவு எடுக்கப்படும் முன் உங்கள் பள்ளியின், கல்லூரியின் பெயரால் கருத்து அனுப்பச் செய்யுங்கள்.